காய்ந்த வாஷருக்கு வைத்தியம்

டோல்கேட் வரிசையில் முன்னால் நின்ற தோல் லாரியின் பின்பலகை ரத்தினசாமியின் மூக்கை நோக்கி வந்துகொண்டே இருந்தது. லாரி நகரவில்லை. நகர்ந்தது அவருடைய வண்டிதான். பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாயிற்று, அதற்குமேல் மிதிக்க இடமில்லை. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்ததும், பலகைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்றது.

"பிரேக்க கொஞ்சம் சாஃப்ட்டா வெச்சிருக்கேன்," என்றார் பின்னால் திரும்பாமல். "கம்ஃபர்ட்டுக்கு."

பக்கத்து சீட்டில் சம்பந்தியாகப்போகும் தனகோட்டி இருந்தார். பாகாயத்தில் ஒரு லேப்பில் முப்பது வருடம் ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவர். பின் சீட்டில் அவர் மனைவி, அவர் மடியில் இரண்டு வயதுப் பேத்தி. அந்தப் பக்கம் ரத்தினசாமியின் மனைவி அமிர்தவள்ளியும் கல்யாணப் பெண்ணான அவர்கள் மகள் ஜீவாவும். எல்லோரும் ஏலகிரி மலைமேல் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறார்கள். ஆம்பூரில் மண்டபத்துக்கா பஞ்சம்? ஆனால் ரத்தினசாமி வீட்டு விசேஷம் கீழே நடக்கலாமா?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் தோல் பதனிடும் டேனரியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். வேலை உத்தரவில் சீனியர் சூப்பர்வைசர் என்று இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு ஃபினிஷிங் மேனேஜர் ஆனார். மேனேஜருக்கு வண்டி வேண்டும் என்பதால் மூன்று கை மாறிய, பதினெட்டு வயதான இந்த ஏழு சீட்டு வண்டி வீட்டுக்கு வந்தது.

வந்த நாளிலிருந்தே பிரேக் கொஞ்சம் கம்மி. விற்றவனுக்கு போன் போட்டபோது, உள்ளே வாஷர் காய்ந்திருக்கும், ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றான். முதல் பாதியோடு ரத்தினசாமி போனை வைத்துவிட்டார். காய்ந்த வாஷரா? வீட்டு அடிபம்பில் இருப்பதும் வாஷர்தான், தோல் வாஷர். காய்ந்தால் எண்ணெயில் ஊறப்போட்டு அவரே மாட்டுவார். காய்ந்த தோலை மெத்தென்று ஆக்குவதில் அவருக்கு யார் பாடம் எடுப்பது? டேனரியில் தோலுக்கு ஊற்றும் எண்ணெய் ஒரு பாட்டில் பரணில் இருந்தது. அதில் பாதியை பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றி மூடினார். இரண்டு நாள் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அந்த இரண்டு நாளும் தெருவில் யாரும் இந்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது வாணியம்பாடியில், மெக்கானிக் மக்பூல் அகமதுவின் ஷெட்டில் வண்டி நின்றது. தனகோட்டிதான் காட்டிவிட்டுப் போகலாம் என்றார். குழந்தை இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த ஒரு வார்த்தைக்காக ரத்தினசாமி வண்டியைத் திருப்பினார்.

மக்பூல் அவசரப்படவில்லை. நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். ஒழுகல் இல்லை. உள்ளே உட்கார்ந்து பெடலை நாலு தடவை அடித்தார், அப்புறம் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பெடல் தூங்கி விழும் தலை மாதிரி மெதுவாக இறங்கியது. இறங்கி வந்து பானட்டைத் திறந்தார்.

"இதுல இன்னா ஆயில் சார் ஊத்தினீங்க?"

"பிரேக் ஆயில்தான். வேற இன்னா ஊத்துவாங்க?"

பக்கத்தில் தனகோட்டி நின்றிருந்தார். பொய் சொல்ல அதைவிட நல்ல காரணம் ரத்தினசாமிக்குத் தோன்றவில்லை.

மக்பூல் தலையாட்டினார். அப்படியானால் பிரேக் குழாய்க்குள் காற்று ஏறியிருக்கும், எடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரம் என்றார். வேலையைத் தொடங்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார், மலை ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான், பதினாலு வளைவு. வெறும் காற்று என்றால் பயமில்லை. "வேற எண்ணெ கலந்திருந்தாதான் பேஜார். ரப்பர் ஊதிப் போய்டும். மூணாவது வளைவுல கால வெச்சா கீழ ஒண்ணும் இருக்காது."

"ரப்பரா?" என்றார் ரத்தினசாமி.

"பின்ன இன்னா சார், தோலா?"

ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். ரத்தினசாமியும் சிரித்தார், கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

அரை மணியில் காற்று எடுத்தாயிற்று. பெடல் கல் மாதிரி நின்றது. எல்லோரும் ஏறினார்கள். குழந்தை பின்னாலிருந்து அவர் காலரைப் பிடித்து இழுத்து விளையாடியது. ரத்தினசாமி சாவியைத் திருப்பாமல் பெடலை அழுத்திப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கல்தான். ஏழு, எட்டு. ஒன்பதில் கல் கரைய ஆரம்பித்தது. ஒரு நூல் இறங்கியது, இன்னொரு நூல். அவருடைய வலது காலைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது. கண்ணாடியில் பார்த்தார். ஜீவா சீட்டோரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். டோல்கேட்டில் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.

அவர் இறங்கினார்.

"பாய், ஒரு கிளாஸ் தண்ணி."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று மக்பூல் எடுத்துக் கொடுத்தார். ரத்தினசாமி பானட்டைத் திறந்து, டப்பாவிலிருந்து ஒரு குச்சியால் தொட்டு, தண்ணீரில் நாலு சொட்டு விட்டார். தண்ணீர் பாலாக வெளுத்தது. முப்பத்திரண்டு வருடம் டிரம் டிரம்மாக அவர் பார்த்த வெள்ளை அது. வாணியம்பாடியில் அதை அறியாதவர் கிடையாது.

மக்பூல் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார். "டேனரி எண்ணெ. எந்த மடையன் சார் இத ஊத்தினது?"

விற்றவன் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விற்றவன் இங்கே இல்லை, மறுக்கவும் மாட்டான்.

"யாரா வேணா இருக்கட்டும்," என்றார் மக்பூல். "எப்ப ஊத்தினதுன்னு தெரியணும். இன்னிக்கின்னா கழுவிப் பாக்கலாம். நாளாச்சுன்னா எல்லா ரப்பரும் மாத்தணும், இல்லன்னா வண்டிய மலைக்கு வுட மாட்டேன்."

"போன ஞாயித்துக்கெழம," என்றார் ரத்தினசாமி. "காலைல பத்தரை மணி. பாதி பாட்டில்."

மக்பூல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மடையன் என்று சொன்னதைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து, வாங்கவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்.

ஏலகிரிக்கு அரசு பஸ்ஸில் போனார்கள். மண்டபம் பிரமாதமாகத்தான் இருந்தது. வாடகையை தனகோட்டி கேட்கவே இல்லை. திரும்பி இறங்கும்போது ரத்தினசாமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மண்டபம் கீழயே பாத்துக்கலாம் சம்மந்தி," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "லேப்ல நான் மாத்தி எழுதின ரிசல்ட்டு உண்டு. ஆனா ஒரு நாளும் இப்பிடி மணியோட ஒத்துக்கினதில்ல."

சம்மந்தி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரத்தினசாமி அதை ரசிக்கும் நிலையில் இல்லை. வளைவு வந்துகொண்டிருந்தது. அவருடைய வலது கால் பஸ்ஸின் தகரத் தரையை அழுத்தியது.

பின் சீட்டிலிருந்து அமிர்தவள்ளி குனிந்து பார்த்தாள்.

"மேனேஜர் சார், கால எடுங்க. அதுக்கு வேற ஆள் இருக்காரு."