பிசிறு இல்லாத காயம்

டாக்டர் காயம் கட்டும் துணியில் ஒரு துண்டைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். இன்னொரு துண்டைக் கையால் கிழித்தார். இரண்டையும் மேசைமேல் வைத்து, "பாருங்கம்மா, இது வெட்டு. ஓரம் சுத்தமா இருக்கு. இது கிழிசல், பிசிறு தொங்குது. கீழ விழுந்து அடிபட்டா தோல் இப்படித்தான் கிழியும். வீரப்பன் தலையில நான் பார்த்தது இது," என்று நறுக்கின துணியின்மேல் விரலை வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு துண்டையும் ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். என் வீட்டுக்காரர் லாக்கப்பில் கிடக்கிறார், இந்த மனுஷன் எனக்குத் துணியை வைத்துப் பாடம் நடத்துகிறார். ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன்.

நடந்தது இவ்வளவுதான். தேயிலைக்குக் கவாத்து வெட்டிவிட்டு என் வீட்டுக்காரர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புகிறார், கையில் கவாத்துக் கத்தி. பக்கத்து வீட்டு வீரப்பன் சம்சு சாராயம் போட்டுவிட்டு வழியில் நிற்கிறான். அவன் மாடு எங்கள் முட்டைக்கோஸ் பாத்தியை மேய்ந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. என் வீட்டுக்காரருக்கும் வாய் சும்மா இருக்காது. வீரப்பன் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். இவர் உதறினார். மழை ஈரத்தில் வழுக்கி அவன் மல்லாக்க விழுந்து, கால்வாயின் சிமெண்டு விளிம்பில் மண்டை மோதியது. உதறியதைக்கூட நான் போலிஸிடம் மறைக்கவில்லை. ஆனால் கத்தி அவன்மேல் படவே இல்லை. வாசலில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பெண்டாட்டியின் கண்ணுக்கு என்ன மதிப்பு? சண்டை போட்டார்கள், கையில் கத்தி இருந்தது என்று லயமே சொல்லியாகிவிட்டது.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவனை ராமசாமியண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவரும் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கென்று தோட்டத்தில் மருந்து போடும் டிரஸர் கம்போங் ராஜா டவுனுக்குப் போயிருந்தார். டிரஸர் இல்லையென்றால் எங்களுக்கு ராமசாமியண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டும் அதே சவரக்கத்தியால் கட்டி கீறுவார், கையில் ஏறிய சிராய் எடுப்பார். வீரப்பன் பெண்டாட்டி செல்லம்மா லோரி கேட்க ஆபீஸ் கிராணி வீட்டுக்கு ஓடிவிட்டாள். என் வீட்டுக்காரரை அண்ணன் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் காயத்தைச் சுற்றிச் சிரைத்தார். பிறகு, கிழிந்து தொங்கிய தோலை ஓரம் ஓரமாக நறுக்கினார். "இப்படி விட்டா ஒட்டாது," என்றார். கோப்பித் தூளை அள்ளி அப்பி இறுக்கிக் கட்டினார். லோரி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் சிமெண்டு கிழித்த காயம் கத்தி வெட்டிய காயமாகிவிட்டது. டாக்டர் கோப்பித் தூளைக் கழுவினார், ஓரத்தைப் பார்த்தார், தைத்தார், போலிஸுக்குச் சொன்னார்.

இதையெல்லாம் சொன்னபோது டாக்டர் கிழித்த துண்டைக் கையில் எடுத்தார். "இருக்கலாம்மா. உள்ளுக்குள்ள நூல் நூலா சதை ஒட்டியிருந்தாலாவது கிழிசல்னு கண்டுபிடிச்சிருப்பேன். தூளைக் கழுவறப்ப அதுவும் போயிருக்கும். நறுக்கினவர் வந்து அவர் வாயால சொல்லட்டும், நான் போலிஸுக்கு எழுதறேன். நீங்க சொல்றத வெச்சு எழுத முடியாது."

அன்றைக்குச் சாயங்காலமே ராமசாமியண்ணன் வாசலில் போய் நின்றேன். காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அடையாளக் கார்டை எடுத்துக் காட்டினார். சிவப்புக் கார்டு. நாற்பது வருஷமாக இந்த மலையில் இருந்தும் அவருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை.

"உன் புருசன் இருளப்பன் பாவம்தான், நான் இல்லேங்கல. ஆனா தலையில கத்தி வெச்சேன்னு நானே போய்ச் சொன்னா என்னைத்தான் புடிப்பான் லா. உனக்கு நீலக் கார்டு, உனக்குத் தெரியாது. கேசுன்னு வந்தா என்னை இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவான். அங்க எனக்கு யாரு இருக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. நல்லதுதானே செஞ்சீங்க."

"நல்லது செஞ்சவனைப் போலிஸ் விட்டுருவானா? உன் புருசன்தான் அவனைத் தூக்கிட்டு ஓடி வந்தான். விட்டானா?"

வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் உருட்டினேன். யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. பொய் சொல்கிறவன் ஒருத்தன் இருந்தாலாவது சண்டை போடலாம். இங்கே எல்லாரும் நல்லவர்கள், என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்.

கடைசியில் நான்தான் பொய் சொன்னேன். வீரப்பன் தலையில் முடி முளைத்து அரிக்கிறதாம், உங்களைத்தான் கூப்பிடுகிறான் என்றேன். தொழில் என்றதும் அண்ணன் மறுபேச்சு பேசவில்லை. சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

வார்டில் வீரப்பன் உட்கார்ந்திருந்தான். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல ரஞ்சிதம்," என்று எப்போதும் சொல்வதையே சொன்னான். தையல் பிரித்திருந்தார்கள். அண்ணன் அவன் தலையைத் தொட்டு இப்படியும் அப்படியும் திருப்பினார். டாக்டர் பக்கத்துக் கட்டிலுக்கு வரும்வரை காத்திருந்தேன். பிறகு வார்டுக்கே கேட்கும்படி ஆரம்பித்தேன்.

"எவன் சிரைச்சானோ, பாருங்கண்ணே. தாறுமாறா இருக்கு. பிஞ்ச தோலைக்கூட அப்படியே விட்டுட்டானாம்."

"யாரு விட்டது?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஓரம் பூரா பிஞ்சு தொங்குச்சு. ஒரு பிசிறு விடாம நான்தானே நறுக்கி எடுத்தேன். நீதானே தலையைப் புடிச்சிட்டிருந்த?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்ததைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கண்ணே. எதால நறுக்கினீங்க?"

அண்ணன் உட்காரவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் நாயாய் அலைந்தேன். வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, கையைப் பார்த்தேன். ஒரு கை இன்னும் வீரப்பன் தலையில், தழும்புக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு கை கார்டு இருந்த சட்டைப் பைமேல் போய் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது.