ஒன்பது பலகை

புருஷனின் சட்டையைக் கேட்டு சுலைகா மூன்றாவது தடவையாகக் கதவைத் தட்டினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

“மயினி, அண்ணனக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம்,” என்றான் அப்துல் ஹாதி, அவள் புருஷனின் தம்பி. “சட்டை எங்க போயிரப் போகுது. பொறவு தாரேன்.”

“சட்டை வேண்டாம் தம்பி. பையில இருக்கிறத மட்டும் எடுத்துக் குடு.”

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரமான கை ஒன்று வெளியே நீண்டது. நடுவிரலும் மோதிர விரலும் இல்லாத கை. உள்ளங்கையில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் இருந்தது.

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் மௌத்தான வீட்டில் ஒருத்தி ஃபியூஸ் கேட்டு நிற்பதை அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவள் புருஷன் கரீம் பாட்சாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரம்ப மெஷினைக் கழற்றும் முன் மெயின் பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து அவரே எடுத்து மாட்டினால்தான் மெஷின் ஓடும். பதினோரு வருஷத்துக்கு முன் இதே மெஷின் தம்பியின் இரண்டு விரலைத் தின்ற நாளிலிருந்து அப்படித்தான். நேற்று சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றிப் புது பேரிங் போட்டார். “மிச்சத்தக் காலையில பாத்துக்கலாம்” என்று சோறு தின்றுவிட்டு, போட்ட சட்டையோடு மாடியில் படுத்தார். விடியற்காலைப் பாங்கு சொல்லும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்தவர்தான்.

ஐம்பத்தெட்டு வயது. சாகிற வயசா அது?

மௌத் விழுந்த வீட்டில் துக்கத்தை விட ஓட்டம்தான் அதிகம். மகள் அஸ்ரின் உல்லாஸ்நகரிலிருந்து ரயில் பிடித்து பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். மாலை அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவானது. கபர்க் குழி வெட்ட ஆள் போனான். போனவன் போன் செய்தான். ஹாதி அதைக் கேட்டுவிட்டு, மெஷின் இருக்கும் கீழறையின் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“கப்ரஸ்தான்ல பலகை இல்லையாம். மழையில எல்லாம் ஊறிக் கெடக்காம். நம்மளயே கொண்டாரச் சொல்றான்.”

உடலின் மேல் மண் விழாமல் கபரை மூட ஒன்பது பலகை வேண்டும். அந்தச் சந்திலும் பக்கத்துச் சந்திலும் எந்த வீட்டில் மௌத் என்றாலும் ஒன்பது பலகை கரீம் பாட்சாவின் மெஷினிலிருந்துதான் போகும். காசு வாங்க மாட்டார். எப்போதும் ஒரு செட் அறுத்துத் தயாராக வைத்திருப்பார். போன வெள்ளிக்கிழமை ஒரு கிழவருக்கு அதைக் கொடுத்தார். பேரிங் மாற்றிவிட்டு அடுத்த செட்டை அறுக்கலாம் என்று விட்டுவைத்தார். ஊருக்கெல்லாம் பலகை கொடுத்த மனுஷனுக்குத் தன் பங்குக்கு ஒன்று கூட இல்லை. அல்லா இப்படியும் விளையாடுவான்.

“விக்ரோலி மர டிப்போவுல கேளு சாச்சா,” என்றாள் அஸ்ரின்.

“சண்டே. டிப்போ பந்த். கோவண்டியில ஒரு மிஸ்திரி இருக்கான், வரச் சொல்லிருக்கேன். வந்து இதுலயே அறுக்கட்டும்.”

“அவன் இதத் தொடப்படாது,” என்றாள் சுலைகா மாடிப்படியிலிருந்து. “பாதி கழட்டிப் போட்ட மெஷினு. எது முறுக்கிருக்கு, எது முறுக்கலன்னு அவனுக்குத் தெரியாது. இன்னொருத்தன் வெரலையும் குடுக்கணுமா? நேத்து கூட நின்னு கழட்டினது நான். நானே அறுக்கேன்.”

“நீங்க இத்தாவுல இருக்கீங்க மயினி. ஊரு என்ன சொல்லும்? இந்த எமன நாளைக்கே பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுறலாம்னு இருக்கேன். சொல்லியும் வச்சிட்டேன்.”

இத்தா முடியும்வரை நான்கு மாதம் பத்து நாள் சுலைகா மாடியறையில் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் கீழே மெஷின் இருந்த இடம் காலியாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவர் முன்னால் தள்ளினார், அவள் பின்னால் பிடித்தாள். பாதிப் பலகையை அவளும் தள்ளியிருக்கிறாள். அது யார் கணக்கிலும் இல்லை. கப்ரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அவரோடு போகிற பலகையையாவது தன் கையால் அறுக்க வேண்டும். மெஷினும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

“அஸ்ரின், அஜ்ரத்துக்குப் போனப் போடு. அவங்க வேண்டாம்னா நான் வாயத் தொறக்கல.”

பள்ளிவாசல் அஜ்ரத் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார்.

“மெஷின் எங்கம்மா இருக்கு?”

“வீட்டுக்குள்ளதான் அஜ்ரத். கீழ்ரூம்ல,” என்றாள் அஸ்ரின்.

“இத்தாவுல வீட்ட விட்டு வெளிய போகப்படாது. அவங்க எங்கயும் போகலையே. ஆம்பளைங்கள வெளிய நிக்கச் சொல்லி ஷட்டர இறக்கிக்கங்க. அசருக்கு நேரமாவுது.”

குளிப்பாட்டிய மய்யித்தை மாடிக்கு எடுத்துப்போனதும் ஹாதியே வெளியே போய் ஷட்டரை இறக்கினான்.

வளையலைக் கழற்ற வந்த பக்கத்து வீட்டு அம்மாள், சுலைகாவின் கையைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே திரும்பிப் போயிருந்தாள். மெஷினிடம் போகிறவள் வளையல் போடுவதில்லை. இத்தாவுக்குக் கொடுத்த வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டி, முனைகளை உள்ளே செருகினாள். ஃபியூஸ் அவள் இடுப்பில் இருந்தது.

பெல்ட்டை மாட்டினாள். பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ரம்பத்தின் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினாள். அறுத்த பலகை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வாமல் இருக்க, பின்னால் நிற்கும் இரும்புத் தகட்டை நேராக வைத்தாள். விரல் போன அன்று ஹாதி அவசரத்தில் கழற்றி வைத்தது இந்தத் தகட்டைத்தான். மேல் மூடியை இறக்கினாள். கடைசியாக ஃபியூஸை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் ஓடியது. இரண்டு நொடிதான். அடியிலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. மேசையே ஆடியது.

“மயினி, நிப்பாட்டுங்க. போதும்,” என்றது ஷட்டருக்கு வெளியே ஹாதியின் குரல்.

அணைத்தாள். ரம்பம் தானாகச் சுற்றி நிற்கும்வரை கை கட்டி நின்றாள். ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி இடுப்பில் செருகினாள். அதன் பிறகே குனிந்து அடியில் பார்த்தாள். மோட்டாரை இறுக்கும் போல்ட் நான்கு. மூன்றை அவர் நேற்றே முறுக்கியிருந்தார். நாலாவது மரத்தூளுக்குள் புதைந்து கிடந்தது.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. “இப்படியா பாதியில போட்டுட்டுப் போவாங்க?” என்றாள். காலையிலிருந்து வராத அழுகை அந்த போல்ட்டின் மேல் வந்தது. அஸ்ரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாயும் மகளும் மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அழுதார்கள். பிறகு சுலைகா மூக்கைத் துடைத்தாள்.

“பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு.”

இரண்டாவது முறை மெஷின் ஒழுங்காக ஓடியது. ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுக் காது கொடுத்தாள். புது பேரிங்கின் சத்தம் மெலிதாக, ஒரே சீராக இருந்தது. நல்லாத்தான் போட்டிருக்காங்க என்று நினைத்துக்கொண்டாள்.

மூலையில் எட்டடிப் பலகை மூன்று இருந்தன. ரம்பத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று தள்ளினாள். கடைசி ஒரு சாணுக்குக் கையை எடுத்துவிட்டுத் தள்ளுக்கட்டையை வைத்தாள். எதிர்ப்பக்கம் அஸ்ரின் பிடித்தாள்.

“இழுக்காத. வர்றத ஏந்திக்க, போதும்.”

“மாலூம் உம்மா. எத்தன வருஷம் பாத்திருக்கேன்.”

நீளவாக்கில் ஓரத்தை நேராக அறுத்து, பிறகு இரண்டரை அடிக்கு ஒன்றாகத் துண்டு போட்டார்கள். ஒன்பது பலகை. ஓரத்துச் சிலாம்பை சுலைகா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கபருக்குள் போகிற பலகையை யாரும் தேய்ப்பதில்லை. தேய்த்ததை அஸ்ரின் வாங்கி அடுக்கினாள். மூன்றரை மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிப் பலகைகளை வெளியே தள்ளிவிட்டு மாடிக்குப் போனார்கள்.

மய்யித்தைச் சுமந்து சந்தூக்கு போனது. பலகைகள் தனியாக ஒரு டெம்போவில் பின்னால் போயின. மாடி ஜன்னலின் கம்பி வழியாக சுலைகா முதலில் சந்தூக்கைப் பார்த்தாள், பிறகு டெம்போவைப் பார்த்தாள். இரண்டும் தொண்ணூறடி ரோட்டில் திரும்பின.

பொழுது சாய, மக்ரிபுக்குச் சற்று முன் ஹாதி திரும்பி வந்தான். சந்தில் நின்று கூப்பிட்டான். சுலைகா மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நல்லபடியா முடிஞ்சது மயினி. பலகை அப்படியே உக்காந்துச்சு. ஒண்ணையும் தட்டி எறக்க வேண்டியதில்ல. கபர் வெட்டுறவன் தடவிப் பாத்துட்டு, யாரு அறுத்ததுன்னு கேட்டான்.”

“என்ன சொன்ன?”

“எங்க மயினின்னு சொன்னேன்.” கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தான். “ஒண்ணு மிஞ்சிப் போச்சு. எட்டுலயே மூடிட்டாங்க. அண்ணன் குள்ளம்லா.”

திரைக்குப் பின்னால் சுலைகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஸ்ரின் உயரத்துக்குக் கூட வரமாட்டார் மனுஷன். அறுக்கும்போது இது எப்படித் தோன்றாமல் போனது?

“கபருக்குப் போன பலகைய வீட்டுல வைக்கப்படாதுன்னாங்க. மெஷினப் பாத்துட்டுப் போக பங்கார்வாலாவும் வந்து நிக்கான். அவன் வண்டியிலயே போட்டுரட்டா?”

“அவனப் போகச் சொல்லு. பலகைய உள்ள வை. அடுத்த மௌத்துக்கு எட்டு அறுத்தாப் போதும்.”

ஹாதி சந்தில் பங்கார்வாலாவிடம் இந்தியில் ரெண்டு வார்த்தை பேசினான். காலி வண்டி கடகடவென்று போனது. ஷட்டர் ஏறியது. பதினோரு வருஷமாக மெஷின் பக்கமே போகாதவன் மரத்தூளில் கால் வைத்து நடப்பது மாடிவரை கேட்டது.

“எங்க வைக்க மயினி?”

“சுவத்துல சாய்ச்சிராத, ஓதம் ஏறிரும். அடியில ரெண்டு கட்டையக் குடுத்துப் படுக்க வை.”

அவன் கட்டை தேட ஆரம்பித்தான்.