இறங்க முடியாத சைக்கிள்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூர்க் கொம்யூனின் மருத்துவச்சி ரோசம்மாள், 1933ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை சைக்கிளில் ஏறினாள். அதன் பிறகு அவள் இறங்கவே இல்லை. சைக்கிளைச் செய்தவன் அவள் புருஷன் சவரிராயன். புதுச்சேரிப் பஞ்சாலையில் பிட்டராக இருந்துவிட்டு, பாகூரில் இறவை எந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கரையாம்புத்தூரில் சின்னபொண்ணு என்ற பெண்ணுக்கு வலி எடுத்தபோது, ரோசம்மாளை ஏற்றிப்போன மாட்டுவண்டி மலட்டாற்றுச் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டது. அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டில் அழுகுரல் கேட்டது. இடுப்புவரை சேற்றோடு திரும்பி வந்தவள், "வண்டி நின்னுடுச்சி. அவ்ளோதான், எல்லாம் முடிஞ்சிடுச்சி" என்று மட்டும் சொன்னாள். சவரிராயன் மறுநாளே வேலையைத் தொடங்கினான்.

முதலில் செய்தது ஏரிக்கரையில் நன்றாக ஓடியது. வயலில் இறக்கியதும் களிமண்ணில் அமிழ்ந்தது. இரண்டாவதன் முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கு தென்பெண்ணை மணலில் முறிந்து, அவனுக்கு இரண்டு பல் போயிற்று. மூன்றாவதற்குக் கொல்லுலையில் தானே போர்க்கை அடித்து வளைத்தான். ரிம்மை அகலமாக்கி, லாரி டயரை அறுத்துத் தைத்து மாட்டினான். மேட்டில் மிதிக்க எளிதாக இருக்கட்டும் என்று பின்பக்கம் பெரிய பல்சக்கரம் வைத்தான். வரப்பு, சேறு, மணல், கப்பிக்கல் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தான். எங்கும் நிற்கவில்லை. அவன் ஓட்டியவரை இறங்கவும் முடிந்தது. பிறகு ரோசம்மாளை ஏற்றினான்.

தெருக்கோடியில் அவள் பிரேக்கைப் பிடித்தாள். சக்கரங்கள் நின்றன, சைக்கிள் நிற்கவில்லை. காலை ஊன்றப் பார்த்தாள். தரை ஒரு சாண் கீழே போய்விட்டு, அவள் காலை மடக்கியதும் திரும்பி வந்தது. திருப்பிய பக்கம் திரும்பியது, மிதிக்காவிட்டாலும் நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. புளியமரத்தில் கட்டிய கயிறு ரப்பர்போல் நீண்டது. வைக்கோல்போரில் விட்டார்கள், மறுபக்கம் வெளியே வந்தாள். கொம்யூன் தலைவரான மேர் தோளில் பட்டை அணிந்து வந்து நடுத்தெருவில் நின்று, பிரெஞ்சில் நிற்கும்படி உத்தரவிட்டார். ரோசம்மாள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சவரிராயன் கூடவே ஓடினான். "பிரேக்கு நல்ல பிரேக்கு ரோசா, நானே பாத்துப் பாத்து வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தில் அழுதான். மாலையில் கூழ்ச் சொம்போடு வந்து மறுபடியும் ஓடினான். அவர்களுடைய சிறு பெண் லூர்தம்மாளைத் தூக்கிக் கொடுத்தால், அம்மா மடியில் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். ஹேண்டில்பாரில் தலை சாய்த்து ரோசம்மாள் தூங்கக் கற்றுக்கொண்டாள்.

பிரசவம் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. எந்தச் சேற்றிலும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். எல்லைச் சாவடியில் இங்கிலீஷ்காரச் சர்க்காரின் சேவகர்கள் ஒரு வாரம் துரத்திவிட்டு, அப்புறம் அவள் மணிச்சத்தம் கேட்டதும் தடுப்பு மரத்தைத் தூக்கி வழி விட்டார்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, சன்னலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் சொன்னாள். பல குழந்தைகள் அப்படிப் பிறந்தன. தவளக்குப்பத்தில் ஆண்டாளின் குழந்தைக்குக் கால் முதலில் வந்தது. "ஒரு கை உள்ள வெச்சா போதும், ஒரே ஒரு கை" என்று கத்தியபடி ரோசம்மாள் விடியும்வரை சுற்றினாள். உள்ளே இருந்தவர்களுக்கு அந்தக் கை இல்லை. தாயும் பிள்ளையும் போனார்கள். சவம் எடுக்கும்வரை அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டார் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ஆண்டாளின் புருஷன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, சொம்பு காலியாகும்வரை கூடவே நடந்தான்.

யுத்தம் வந்து ஊரெங்கும் டயருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவளுடையது தேயவே இல்லை. சவரிராயனுக்கு முட்டி தேய்ந்து ஓட முடியாமல் போயிற்று. லூர்தம்மாள் பெரியவளாகி, கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள்.

வலி எடுத்தபோது குழந்தை குறுக்கே கிடந்தது. பக்கத்து வீட்டுக் காசம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சன்னலுக்கு ஓடி வந்தாள். ரோசம்மாள் அதைக் கேட்டுவிட்டு வீட்டை இரண்டு சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில், "எனக்குச் சொல்லத் தெரியலடி. தொட்டாத்தான் தெரியும்" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள்.

சவரிராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கடப்பாரையை எடுத்து, முன்வாசலுக்கு நேரே இருந்த பின்சுவரை இடிக்கத் தொடங்கினான். மருமகன் நாகராஜன், மாமனாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தடுக்க வந்தவன், வாசலில் மாமியார் ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டான். வாசற்படி ஏறி, லூர்தம்மாளின் பாயை ஒட்டி, உடைந்த சுவர் வழியாக ரோசம்மாள் வெளியே போனாள். போகிற போக்கில் குனிந்து மகள் வயிற்றை ஒரு தரம் தள்ளினாள். "உடாத, அப்படியே புடி!" என்றாள். அவள் சுற்றி வரும்வரை காசம்மாள் அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் இன்னொரு தள்ளு. வெளியே இருக்கும் நேரமெல்லாம் மகள் அலறுவது மட்டும் கேட்டது. "யம்மா, எங்க போற, போவாத!" என்றாள் லூர்தம்மாள். "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. மத்தியானத்துக்கு மேல் குழந்தையின் தலை கீழே திரும்பியது.

பெண் குழந்தை. காசம்மாள் துடைத்துத் தூக்கி நீட்ட, ரோசம்மாள் ஓட்டத்திலேயே வாங்கிக்கொண்டு போனாள். வெளியே தூறிக்கொண்டிருந்ததால் முந்தானையால் மூடிக்கொண்டாள். வீட்டை ஒருமுறை சுற்றி வந்து லூர்தம்மாளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்துக் கரையாம்புத்தூரிலிருந்து பலராமன் என்பவன் வந்தான். தெருவில் அவளோடு சேர்ந்து நடந்தபடியே, மனைவிக்கு மாதம் ஆகிவிட்டது என்றும், பின்சுவரை இடித்துத் தரையை மெழுகி வைத்தாயிற்று என்றும் சொன்னான்.

"அகலமா இடிச்சிருக்கியா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"மாட்டுவண்டியே உள்ள பூரும்மா" என்றான்.

அவள் ஹேண்டில்பாரை மேற்கே திருப்பினாள்.