அண்ணியின் நாலு அடி

மருத்துவமனையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு ‘இடி’ என்ற பெயரை வைத்ததே பவுலிங் கூடத்து ஆட்கள்தான். அவன் பந்தை உருட்டிவிட்டால் பக்கத்து லேனில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சத்தம், அப்படி ஒரு வேகம். லேனின் கடைசியில் நிற்கிற பத்து வெள்ளைக் கட்டைகளில் எத்தனை விழுந்தன என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. ஆறு வருடமாக ஆடுகிறான். ஓர் ஆட்டத்தில் நூற்றுமுப்பது புள்ளியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவனைக் கையில் பிடிக்க முடியாது.

மருத்துவமனை ஊழியர்கள் மூன்று மூன்று பேராக அணி சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைக்காக மோதுவார்கள். இடியின் அணியில் அவன், மருந்தாளுநர், அப்புறம் அவனுடைய அண்ணன். அண்ணனுக்கு அங்கேயே ஜெனரேட்டர் அறையில் வேலை. போட்டிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு டீசல் பீப்பாயை நகர்த்தப் போய் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது, ஆறு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“அண்ணி, பேசாம நீங்க வாங்களேன்” என்று இடி சாப்பிடும்போது ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான்.

“வரேனே” என்றாள் அண்ணி.

அண்ணி பல் பிரிவில் பல் செட் செய்கிறவள். நாற்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு. பந்து என்று எதையும் அவள் கையில் தொட்டு இவன் பார்த்ததில்லை. முதல் நாள் அவள் போட்ட பந்துகளில் பதினான்கு நேராக ஓரப் பள்ளத்துக்குள் போய் விழுந்தன. மொத்தம் முப்பத்தேழு புள்ளி. மருந்தாளுநர் சிரிப்பை அடக்க இருமுவதுபோல் நடித்தார். இடிக்கு இந்த வருடம் கோப்பைக்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

அண்ணி முகம் சுண்டவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, “தம்பி, தரையில ஏழு அம்புக்குறி போட்டிருக்கே, அது எதுக்கு?” என்று கேட்டாள்.

இடி யோசித்தான். ஆறு வருடமாகத் தினமும் தாண்டிப் போகிற வாசற்படிக்கு எத்தனை செங்கல் என்று கேட்டால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தான். “அது... சும்மா அழகுக்கு இருக்கும் அண்ணி.”

“இவ்வளவு தூரம் வந்து யாராவது அழகுக்குக் கோடு போடுவாங்களா?” என்றவள் எழுந்து போய், லேனுக்கு எண்ணெய் பூசுகிறவரிடமே கேட்டுவிட்டு வந்தாள். அறுபதடிக்கு அப்பால் நிற்கும் கட்டையைப் பார்த்துக் குறி வைப்பதைவிட, பதினைந்தடியில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து விடுவது சுலபமாம். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது அம்பு. பந்து இடப்பக்கம் தவறினால் நிற்கிற இடத்தை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டும். கண் மட்டும் அதே அம்பில் இருக்க வேண்டும்.

“தவறுற பக்கமே நகரணுமா? தலைகீழா இருக்கே” என்றான் இடி.

“செஞ்சு பாத்தாத் தெரிஞ்சிடும்.”

அடுத்து பந்து. இடி தன்னுடைய பதினாறு பவுண்டு பந்தைத்தான் அவளிடம் கொடுத்திருந்தான். அவள் அலமாரியிலிருந்த பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலை விட்டு, தொங்கவிட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் துளை இறுகலாக இருந்தால் பந்து நேரத்துக்கு விரலை விட்டுக் கழலாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். கடைசியில் மங்கிப்போன பச்சைப் பந்து ஒன்று அமைந்தது. பத்து பவுண்டு. சின்னப் பிள்ளைகள் எடுக்கிற பந்து அது என்று மருந்தாளுநர் காதைக் கடித்தார். அண்ணியின் காதிலும் விழுந்தது. விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பல் பிரிவில் அவளுக்கு இது பழகிப்போன வேலை. அளவெடுத்து, வார்த்து, மெருகேற்றிக் கொடுத்த பல் செட்டை ஒருவர் மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைத்து, கடிக்க முடியவில்லை என்று சத்தம் போடுவார். அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டாள். “பொருந்தலைன்னா பல்லைத் திட்டி என்ன பண்றது? எங்க இடிக்குதுன்னு பாக்கணும்” என்பாள். இரண்டு இடத்தில் லேசாகச் சுரண்டிக் கொடுப்பாள். வந்தவர் வாயெல்லாம் பல்லாகப் போவார்.

வீட்டில் பயிற்சி, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கிற நடைவழியில் நடந்தது. தண்ணீர் நிரப்பிய கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு அடி. முதல் அடியில் கை முன்னால், இரண்டாவதில் கீழே, மூன்றாவதில் பின்னால், நாலாவதில் இடது கால் வழுக்கி நிற்க, கை முன்னால் வந்துவிட வேண்டும். அண்ணன் அடுத்த அறையில் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருப்பான். ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன். அவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காலடி ஒரு பெரிய விஷயமா?

“மூணாவது அடி அவசரம்!” என்று படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பான்.

“இப்போ?”

“இப்பவும் அவசரம்தான். பஸ்ஸா போயிடப் போகுது?”

“நீங்க பேசாம படுங்க. முதுகு வலிக்கப் போகுது.”

“முதுகுக்குத்தானே ஓய்வு சொன்னாங்க? காதுக்கா சொன்னாங்க?”

திரும்பப் போய் மறுபடி நாலு அடி. ஒருநாள் இடி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே அடிகள் கடிகாரம் மாதிரி விழுவது கேட்டது. நாலாவது அடி விழுந்ததும் அண்ணனின் குரல்: “அதான். அதேதான்.” இடி வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

மூன்றாம் மாதம் அண்ணி நூறைத் தாண்டினாள். நாலாம் மாதம் நூற்றிருபது. அவள் பந்தில் சத்தமே இருக்காது. இரண்டாவது அம்பின் மேல் ஏறி, முன்கட்டைக்கு வலப்புறம் ஒட்டினாற்போல் நுழையும். எல்லாக் கட்டையும் விழாவிட்டாலும் அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். மிச்சம் நிற்பது எது என்று பார்த்து, நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டு, அந்தச் சுற்றின் இரண்டாவது பந்தில் அதை எடுத்துவிடுவாள். இடி ஒரே பந்தில் பத்தையும் சாய்த்துவிட்டு ஊரைக் கூட்டுவான். அடுத்த சுற்றில் ஒற்றைக் கட்டையைக் கோட்டைவிட்டு உட்காருவான். ஒருநாள் அண்ணி நூற்றுமுப்பத்தாறு, இவன் நூற்றிருபத்தொன்று.

அன்றைக்கு வீடு திரும்பியதும் வாசலில் நின்றுகொண்டு இடி கேட்டான்: “அண்ணி, நான் எங்க தப்பு பண்றேன்?”

“பந்தைப் பின்னாடி தலைக்கு மேல வரைக்கும் தூக்குறீங்க தம்பி. அப்போ தோள் திரும்பிடுது. அதுக்கப்புறம் பந்து எங்க போகும்னு பந்துக்கே தெரியாது. இடுப்பு உயரத்துக்கு மேல தூக்காதீங்க.”

“இது எப்பலேருந்து தெரியும்?”

“ரெண்டாவது வாரம்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து பந்தை இடுப்போடு நிறுத்தினான். முதல் வாரம் ஸ்கோர் படுபாதாளத்துக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முதுகுக்குத் தலையணை கொடுத்து அண்ணனையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். போன வருடக் கோப்பை அவர்களுடையது. சமமாக முடிந்தால் போன வருடம் ஜெயித்தவர்களுக்கே கோப்பை என்பது விதி. அவர்கள் மூவரும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு எடுத்து முடித்துவிட்டார்கள். மருந்தாளுநர் நூற்றுப்பதினெட்டு. இடி, இடியே இல்லாமல் அமைதியாக ஆடி, நூற்றைம்பத்தொன்று. அவன் வாழ்நாளில் தொடாத எண். அண்ணிக்குக் கடைசிச் சுற்று மட்டும் பாக்கி, நூற்றுமுப்பத்தைந்தில் இருந்தாள். ஒன்பது கட்டை விழுந்தால் வெற்றி.

முதல் பந்து சரியாகத்தான் போனது. எட்டு விழுந்தன. இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று, முன்பல் மொத்தமும் போய்க் கடைவாய்ப் பல் மட்டும் மிஞ்சிய வாய்போல இரண்டு நின்றன. கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. “ரெண்டையும் அடிங்க! ரெண்டையும்!” ஒன்றின் விளிம்பில் பட்டு அது தெறித்து மற்றதைச் சாய்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒருமுறை நடக்கிற அதிசயம். இடிக்கே கை துறுதுறுத்தது. தானாக இருந்தால் அதற்குத்தான் பாய்ந்திருப்பான், பந்து நடுவே புகுந்து காற்றை அடித்துவிட்டுப் போயிருக்கும்.

அண்ணி ஸ்கோர் பலகையை ஒருமுறை பார்த்தாள். நிதானமாக வலப்பக்கம் நகர்ந்து நின்றாள். இடது மூலைக் கட்டையை மட்டும் எடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கூட்டம் உச்சுக் கொட்டியது. அவள் நாலு அடி வைத்தாள். பச்சைப் பந்து குறுக்காக, அவசரமே இல்லாமல், பள்ளத்தின் ஓரம் வரை போய், அந்த ஒற்றைக் கட்டையை மட்டும் சாய்த்தது.

நூற்றுநாற்பத்துநாலு. மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று.

சட்டென்று யாருக்கும் உறைக்கவில்லை. முதலில் கை தட்டியவர் ஆம்புலன்ஸ் அணியின் தலைவர்தான். “பெரிய மனசு வேணும்மா, இத்தனை பேர் கத்தும்போது ஒண்ணு போதும்னு நிக்க” என்று எழுந்து வந்து கைகொடுத்தார். மருந்தாளுநர் இந்த முறை உண்மையாகவே இருமினார், கண்ணில் தண்ணீர் வர. அண்ணன் எழுந்திருக்கப் பார்த்து, “ஐயோ” என்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சிரித்தான்.

இடி கூடவே பிறந்த அண்ணனைப் பற்றிக்கூட இத்தனை பெருமையாக யாரிடமும் பேசியதில்லை. அடுத்த ஒரு மாதம் அவன் பழுதுபார்த்த லிஃப்டில் ஏறிய நோயாளி, நர்ஸ், டாக்டர் யாரும் அந்தக் கடைசிப் பந்தின் கதையைக் கேட்காமல் இறங்கவில்லை.

அண்ணன் தேறி வேலைக்குத் திரும்பினான். அணியில் அவனுடைய இடம் அவனுக்கே என்று அண்ணி சொன்னாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தாளுநர் தானே விலகிக்கொள்கிறேன் என்று முன்வந்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் ஒரு சனிக்கிழமை காலை, கூடம் திறந்த நேரத்தில், அண்ணி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சாச்சே அண்ணி, இன்னும் என்ன?” என்றான் இடி.

“வலது மூலைக் கட்டை பத்துல நாலு தடவைதான் விழுது தம்பி” என்றாள் அவள், கயிற்றை இறுக்கி முடிந்தபடி. “நீங்க அந்தப் பக்கம் நின்னு என் தோளைக் கொஞ்சம் பாருங்க. தப்பு இருந்தா உடனே சொல்லிடுங்க.”

இடி பக்கவாட்டில் போய் நின்று, கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தான்.