ஒட்டுக்குக் கீழே

மெல்பேர்னுக்கு வெளியே, அரசு அனுமதியோடு மருத்துவக் கஞ்சா வளர்க்கும் கண்ணாடிக்கூடம் ஒன்றில் புருஷனும் பெண்சாதியுமாக வேலை செய்தார்கள். சிறிதரன் கன்று வளர்ப்பான். கமலினி ஆய்வுகூடத்தில் இலையை அரைத்து அதில் என்னென்ன இருக்கிறது என்று அளப்பாள். எங்கள் சனம் "கஞ்சாக்காரர்" என்று வாய்க்குள் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், போ!

சிறிதரன் தேடித் தெரிந்தெடுத்த கன்று ஒன்று இருந்தது. போதையேற்றும் டிஎச்சி அதில் சொற்பம், மருந்தாகும் சிபிடி நிறைய. பாழாய்ப்போன வேரழுகல் வந்து அது சாகக் கிடந்தபோது, மிஞ்சிய ஒரே கிளையை வேர் உறுதியான வேறோர் இனத்தில் ஒட்டினான். அந்த இனமோ முழுக்க டிஎச்சி.

"வேர் மாறினால் மேலை சிபிடி கூடுமோ, குறையுமோ?" என்று கேட்டாள் கமலினி.

"இலை விடட்டும். நீர்தானே அளந்து சொல்லப்போறீர்."

அந்தக் கிழமையே நெஞ்சுவலி வந்து சிறிதரன் போய்விட்டான். நாற்பத்தாறு வயது. என்ன அநியாயம்!

செத்தவீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, வேலைக்குப் போக அவள் துணியவில்லை. துடக்குக் கை பட்டால் பச்சை பட்டுப்போகும் என்று கேட்டே வளர்ந்தவள். படித்த படிப்பெல்லாம் அந்தப் பயத்தின் முன் எம்மாத்திரம்? கூடத்தில் தண்ணீர் விடும் றெக்சன் போனில் கேட்டான்: "அக்கா, அண்ணையின்ரை கன்றிலை அடியிலையும் துளிர் வருது. நுள்ளி எறிஞ்சுவிடவோ?"

"ஐயோ, ஒருத்தரும் தொடவேண்டாம்! அந்தியேட்டி முடிய நான் வாறன்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு துடக்குக் கழிந்த மறுநாளே போனாள். கன்று இடுப்பளவுக்குச் செழித்து நின்றது.

"இஞ்சாருங்கோப்பா, பிடிச்சிட்டுது!" என்று இல்லாதவனிடம் வாய்விட்டே சொன்னாள். நான்கு இலையைப் பறித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மெசினுக்குப் போனாள்.

திரையில் டிஎச்சி மலையாக எழுந்தது. சிபிடி தரையோடு கிடந்தது. பிழையென்று மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதேதான். வேர் மாறினால் அளவு கொஞ்சம் கூடலாம், குறையலாம், இப்படித் தலைகீழாகாது. அப்படியென்றால் இது அவன் கன்றின் இலையே இல்லை.

ஓடிப்போய் இலைகளை விலக்கினாள். செழித்ததெல்லாம் ஒட்டுக்குக் கீழே, வேர்க்கன்றிலிருந்து கிளம்பிய முளை. சாறு முழுவதையும் அதுவே குடித்திருந்தது. மேலே, ஒட்டைப் பிடிக்கச் சிறிதரன் போட்ட கிளிப்புக்குள், காய்ந்த குச்சி ஒன்று நின்றது.

"நான் கேட்டனான் அக்கா..." என்றான் றெக்சன்.

செத்தவீட்டில் கல்லாக இருந்தவள் அந்தச் சீமெந்துத் தரையில் குந்திக் குழறி அழுதாள். "தொட்டால் பட்டுப்போகுமெண்டு பயந்தனான் தம்பி. நுள்ளு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதுமே!"

துடக்குக் கழிந்த கையால் குச்சியைத் தொட்டாள். அது கிளிப்போடு கழன்று கைக்கு வந்துவிட்டது.