முந்திக்கொண்டு வந்த பதில்

நாள் முழுக்க விமானம் ஓட்டுகிற மனுஷன், லீவில் வீட்டுக்கு வந்தும் உட்கார்ந்து விமானம் ஓட்டுவாரா? நீங்களே சொல்லுங்கள். டீச்சருக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக உறுத்த ஆரம்பித்துப் பத்து நாளாகிறது.

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே விமானத்தையும் கழற்றி வைத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் இந்த இரண்டு வார லீவில், மச்சானைப் பிடித்து ஒரு கம்ப்யூட்டர், கைப்பிடி, கால் பெடல், மைக் வைத்த ஹெட்ஃபோன் என்று ஒரு கடையையே மாடி அறையில் இறக்கிவிட்டார். காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். நடுவில் கதவு சாத்தியிருக்கும்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வேறு. கொஞ்சம் அதிகாரம், கொஞ்சம் குழைவு. "சே, புருஷனைச் சந்தேகப்படற பொம்பளை இல்லை நான்" என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு நேராகத் தம்பிக்குப் போன் போட்டு, உடனே வரச் சொன்னாள்.

தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன்; மாடி அறையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்த மச்சான் அவன்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அய்யோ அக்கா! அது பொம்பளையே இல்ல, சாஃப்ட்வேர். மாமா கம்ப்யூட்டர்ல ஓட்டறாரே, அந்த சிமுலேட்டர்ல விமானம் மட்டும்தான் நல்லா இருக்கும். கீழ ஏர்போர்ட் டவர்லேருந்து பேசறதுக்கு உருப்படியா ஆள் கிடையாது. அதுக்குன்னு இதைத் தனியா வாங்கிச் சேத்துக்கணும். எப்ப கிளம்பணும், எவ்வளவு உயரத்துல போகணும், எல்லாம் நிஜ கன்ட்ரோலர் மாதிரியே சொல்லும். மாமா அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா விடாது, திருத்தும்."

"நிஜ டவர்லயே தினம் பேசறவருக்கு இது எதுக்குடா?"

"நானும் கேட்டேன். டச் விட்டுப் போயிடக் கூடாதுன்னாரு."

இருபத்திரண்டு வருடம் விடாத டச் இரண்டு வாரத்தில் விட்டுப் போகுமாமே! பெண் இல்லை என்றதும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை, உட்கார்ந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

டீச்சர் பத்தொன்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். பரீட்சை ஹாலில், எவன் யோசித்து எழுதுகிறான், எவன் பிட் அடிக்கிறான் என்று தலையின் சாய்வை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, மறுநாள் டீ கொடுக்கிற சாக்கில் மாடி அறைக்குள் போய் நின்றாள்.

முதலில் அவளுக்கு உறைத்தது சத்தம். ஹெட்ஃபோன் அவர் காதில் இருக்கிறது, அந்தக் குரலின் ஒவ்வொரு வார்த்தையும் வாசற்படியில் நிற்கிற அவளுக்கு விழுகிறது. இவ்வளவு சத்தமாகவா ஒருவர் வைத்துக் கேட்பார்?

அடுத்தது, பதில். கன்ட்ரோலர் சொல்லி முடித்த பிறகுதான் பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும். இவரோ குரல் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே, உயரமும் திசையும் பிசகாமல், பதிலைச் சொல்லிவிடுகிறார். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்கிற பிள்ளையை டீச்சர் வாழ்நாளில் நம்பியதில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை குரல் எழும்போதும் அந்தக் கண் திரையின் இடது மூலைக்கு ஓடியது.

கீழே வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"இடது மூலையில என்னடா இருக்கு?"

"அதுவா? கன்ட்ரோலர் பேசறது எழுத்தாவும் வரும்க்கா. குரல் முடியறதுக்கு முன்னாடியே முழு வரியும் வந்துடும். மாமாதான் பெரிய எழுத்தா வெக்கச் சொன்னாரு. வேணாம்னா செட்டிங்ஸ்ல ஒரு டிக்கை எடுத்தாப் போதும்."

"நிஜ விமானத்துல டவர் பேசினா இப்படி எழுத்து வருமா?"

"மாமா கம்பெனி போற ஏர்போர்ட்லயா? அங்க எல்லாம் வாய்ப் பேச்சுதான். காதால கேட்டாத்தான் உண்டு."

டீச்சர் போனை வைத்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். டி.வி. சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் புகார் சொன்னது, எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்று அவர் தலையாட்டியது, "நான் ஒருத்தி கத்தறது காதுல விழுதா இல்லையா?" என்று தான் மல்லுக்கு நின்றது, ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டியது. மனுஷன் தன்னை மதிக்கவில்லை என்றல்லவா இத்தனை நாள் பொருமினாள்!

கம்பெனி சின்னது. மூன்றே விமானம். கேப்டனோடு பெரும்பாலும் பறந்தவன் வாயாடி என்று பெயரெடுத்த ஒரு துணை பைலட். ரேடியோவில் பேசுவதெல்லாம் அவன்தான். அவன் போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். நாளைக் காலை எட்டு மணிக்குக் கேப்டன் புதிய ஆளோடு கிளம்ப வேண்டும். பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

தன் சந்தேகம் பொய்யாக இருக்கட்டும் என்று டீச்சர் மனசார வேண்டிக்கொண்டாள். ஆனாலும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மாடிக்கு ஏறி, அந்த டிக்கை எடுத்துவிட்டாள்.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "நானும் பாக்கறேங்க. வேலை ஒண்ணும் இல்ல."

முதல் தடவை குரல் எழுந்தபோது அவர் கண் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். எழுத்தைக் காணோம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது எதற்கு என்று அவள் கேட்பாளே! தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். தினமும் ஒரே மாதிரி வருகிற வார்த்தைகள்தானே, அவருக்கு மனப்பாடம். இரண்டாவதும் சரி. டீச்சருக்கு உயிர் வந்தது. பாவி நான், வீணாகச் சந்தேகப்பட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

விமானம் ஓடுபாதையின் முனைக்கு வந்தது. இந்த இடத்தில் வழக்கமாக, கிளம்பலாம் என்று வரும்.

"ஓடுபாதைக்கு வெளியிலேயே நில்லுங்கள். ஒரு விமானம் இறங்குகிறது" என்றது குரல்.

"கிளம்ப அனுமதி. கிளம்புகிறோம்" என்றார் கேப்டன்.

"இல்லை. நில்லுங்கள்."

"சரி, கிளம்புகிறோம்."

"நில்லுங்கள், நில்லுங்கள்!"

கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டு கைப்பிடியை முன்னால் தள்ளினார். விமானம் பாதைக்குள் நுழைந்தது. வலது பக்கமிருந்து, இறங்கி வந்த விமானத்தின் வெள்ளை மூக்கு திரையை அடைத்தது. படம் அப்படியே நின்றுபோனது.

"சாஃப்ட்வேர் சரியில்ல" என்றார் அவர். "உன் தம்பி எதையோ கெடுத்து வெச்சிருக்கான். எனக்கு அனுமதி குடுத்துட்டு இன்னொரு விமானத்தை உள்ள விடுது பாரு!"

டீச்சர் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நில்லுன்னுதாங்க சொல்லுச்சு. திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. ஹெட்ஃபோன் உங்க காதுல இருக்கு. எனக்கு இங்க கேட்டுது."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் கேக்குது. வார்த்தைதான் பிரியல" என்றார் கடைசியில். "ஒன்றரை வருஷமா."

"டாக்டர் செக்கப்?"

"காது டெஸ்ட்ல சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும்; நான் மெஷின்காரன் கை அசையறதைப் பாத்து அமுக்கிட்டேன். அடுத்ததுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள எழுத்தையும் குரலையும் சேத்துப் பழகிட்டா சமாளிச்சிடலாம்னு..." அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டார். "இந்த வேலை போனா நான் யாருடி?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரமும் வந்தது. இரண்டில் ஆத்திரம்தான் ஜெயித்தது. "அந்த எழுபது பேரும் யாருங்க? அவங்க வீட்ல ஆள் இல்லையா? பேசுங்க, ஆபீசுக்கு. இப்பவே."

அவர் போனை எடுத்தார். டியூட்டி போடுகிற குமாஸ்தா எடுத்ததும், "நாளைக்கு நான் வரல, வேற ஆளைப் போடுங்க" என்றார். மறுமுனை ஏதோ கேட்டது. "சரி" என்றார். மறுபடி கேட்டது. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "சரி, சரி" என்றார். பிறகு போனை மெதுவாக அவளிடம் நீட்டினார்.

"மேடமா? நல்லவேளை" என்றான் குமாஸ்தா. "என்ன காரணம் போடறதுன்னு கேட்டா சார் சரி சரிங்கறாரு. ஜுரம்னு போட்டுடவா? ரெண்டு நாள்ல வந்துடுவார்ல?"

ஜுரம். ஒரே ஒரு வார்த்தை. சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜுரம் இல்ல" என்றாள் டீச்சர். "அவருக்குக் காது சரியாக் கேக்கல. அப்படியே எழுதிக்குங்க."

பிறகு குமாஸ்தா தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மேடம், இதை எழுதிட்டா அழிக்க முடியாது. சாருக்குத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

அவள் கேள்வியைக் கணவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

கேப்டன் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். தோளை நிமிர்த்தி, விமானத்தில் எழுபது பேருக்கு வணக்கம் சொல்கிற அந்தக் குரலில் பேசினார்.

"தெரியும்பா. நான்தான் சொல்லச் சொன்னேன். எழுதிக்க."