குழியை மூடலாமா

இங்கிலீஷ் தெரியும் என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. 1912இல் தாமிரபரணிக் கரையோரம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வெள்ளைக்கார டாக்டரம்மா சொல்வதை நோயாளி வீட்டாருக்குத் தமிழில் சொல்வதும் என் வேலைதான். அவர் பத்து வாக்கியம் பேசினால் நான் ஒன்று சொல்வேன். மிச்சம் இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு.

மேலப்பாளையத்து நெசவாளி நூர்முகம்மதுவின் மனைவி ஷரீபா பீவிக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிள்ளை. தாய்க்குக் காய்ச்சலில் நினைவில்லை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள்.

ஆண்கள் வார்டுக்குள் வரக்கூடாது. வராந்தாவில் நின்ற தகப்பனிடம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பிள்ளை உடம்பில் சூடு நிற்கவில்லை, தலை முதல் கால் வரை பஞ்சு சுற்றி வைக்கிறோம், யாரும் பிரிக்கக்கூடாது, பிரித்தால் உயிருக்கு ஆபத்து, பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

"பிள்ள பத்திரமா இருக்கு. நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்றேன் நான்.

மறுநாள் காலையில் அவர், லாத்தா என்று தான் கூப்பிடும் அக்காள் மைதீன் பாத்திமாவோடு வந்தார். அக்காள் உள்ளே போய்ப் பிள்ளையருகே உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு போய்விட்டார். கேள்வி கேட்டு உயிரை வாங்கவில்லையே என்று எனக்கு நிம்மதி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், வராந்தாவில் நிற்கிறார். கண் சிவந்திருந்தது.

"குழி வெட்டியாச்சும்மா. பஞ்சும் வெள்ளத்துணியும் நீங்களே சுத்திட்டீங்க. ஆனா குளிப்பாட்டாம எடுக்கக்கூடாது, அதான் எங்க முறை. லாத்தா உள்ள குளிப்பாட்டுதா. முடிஞ்சதும் கொண்டு போயிருதேன்."

அவர்கள் வீட்டில் பஞ்சும் வெள்ளைத்துணியுமாகக் கிடப்பது மையத்து, அதாவது பிணம், மட்டும்தான். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும்.

ஓடினேன். குளிக்கும் அறையில் மைதீன் பாத்திமாவின் மடியில் பிள்ளை வெற்றுடம்பாகக் கிடந்தது. பிரித்த பஞ்சு தரையெல்லாம். அவள் கையில் செம்பு சாய்ந்திருந்தது.

"ஊத்தாதீங்கக்கா! உயிர் இருக்கு!"

செம்பு விழுந்து உருண்டது. "அசைஞ்ச மாதிரி இருந்திச்சு தாயி... என் கண்ணுதான் ஏமாத்துதுன்னு நெனச்சேனே" என்று அலறினாள்.

பிள்ளையை வாங்கி என் ரவிக்கைக்குள் விட்டு மார்போடு அணைத்தேன். தவளையைப்போலச் சில்லென்றிருந்தது. உதடு நீலம். கர்த்தரே, இது என்னால் சாகக்கூடாது என்று ஜெபித்தேன். அந்தப் பயம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

சூடு திரும்பிப் பிள்ளை முனக ஒரு மணி நேரமாயிற்று. மறுபடி பஞ்சு சுற்றிய பிறகு டாக்டரம்மா கேட்டார்: "நேற்று இவரிடம் என்ன சொன்னாய்?"

சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஆண்கள் வரக்கூடாதென்ற சட்டத்தைத் தள்ளிவைத்து நூர்முகம்மதுவை உள்ளே கூப்பிட்டார். அவருடைய விரலைப் பிடித்துப் பஞ்சுக்குள் நுழைத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். "ஒன்றையும் விடாமல் சொல்" என்றார் என்னிடம். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இன்று பட்ட குளிரில் நாளைக்கே போனாலும் போகும் என்பதையும்.

நூர்முகம்மது விரலை எடுக்கவேயில்லை. "அப்ப அந்தக் குழிய மூடலாமா, வேண்டாமா?"

டாக்டரம்மா யோசித்தார். "தெரியவில்லை."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஜன்னலுக்கு வருவார். எத்தனை சொட்டுப் பால் இறங்கியது, மூச்சு எப்படி, ஒன்று விடாமல் நான் சொல்ல வேண்டும். எட்டாம் நாள் இரண்டு தடவை மூச்சு நின்று வந்தது. அதையும் சொன்னேன். வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் ஷரீபா பீவி கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் கடைசியில் நூர்முகம்மது கேட்பது மட்டும் மாறவில்லை. "குழிய மூடலாமா?" பதிலும் மாறவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் அவர் கேட்டதும் இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூடுங்க" என்றார் தமிழில்.

நூர்முகம்மது என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசந்தானா? நீயும் சொல்லு தாயி."

"நெசந்தான் அண்ணாச்சி. மூடிருங்க."